பேச்சுமூச்சற்ற ஆபிரகாமுக்கு முதலுதவி

ஆபத்து என்பது முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு வர வேண்டிய விருந்தாளி என்பதை மனிதகுலத்துக்கு முதன்முதலில் உணர்த்திய பெருமை எங்கள் லாகெமேர் நீர்வாரியத்தையே சாரும். மற்ற ஊர்களில் ஒருவன் மயங்கி விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறான். தூக்குகிறவன் சான்றிதழ் பெற்றவனா, விழுந்தவனுக்கு இந்த நேரம் சௌகரியப்படுமா, அடுத்த அறைக்காரர்களுக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்களிடம் அந்த அநாகரிகம் கிடையாது. கடல் மட்டத்துக்கு நாலு மீட்டர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கடலோடு பேச்சுவார்த்தை நடத்தி வருகிறவர்கள் நாங்கள். கடலே எங்களைக் கேட்காமல் உள்ளே வருவதில்லை. ஒரு மாரடைப்பு வந்துவிடுமா?

இந்த உயர்ந்த கொள்கையைக் கட்டிக் காப்பது வாரியத்தின் முதலுதவிக் குழு. ஐந்து பேர். தலைவர் ரூலோஃப். சட்டதிட்டம் ஆர்யென். மஞ்சள் சட்டைகளும் மருந்துப் பெட்டியும் இருக்கும் அலமாரியின் சாவி பௌக்கேயிடம். ஒளிவுமறைவில்லாத விமர்சனம் சிட்ஸ்கே. செயலாளர் வீப்ரன், அதாவது இதை எழுதும் அடியேன். புதன்கிழமை பௌக்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பார்; வெள்ளிக்கிழமை ரூலோஃபும் சிட்ஸ்கேயும் வேலைக்கு வருவதில்லை. ஆகவே எங்கள் கட்டடத்தில் அடிபட விரும்புவோர் திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை அடிபடலாம் என்று மாடிப்படியருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். சென்ற வருஷம் ஒரு புதன்கிழமையன்று வரைபடப் பிரிவில் ஒருவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர் அறிவிப்பைப் படித்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, வியாழக்கிழமை வந்தார். ஊழியர் ஒழுக்கத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

குழுவின் சாதனைகளைச் சொல்லி முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆர்யெனின் கையில் கொதிக்கக் கொதிக்கக் காபி கொட்டிவிட்டது. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். மிதமான குளிர்ச்சியுள்ள குழாய்த் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷம் கையைக் காட்ட வேண்டும். காட்டினார். எங்கள் குழாய் சிக்கனக் குழாய். கையை நீட்டினால் ஆறு விநாடி தண்ணீர் விட்டுவிட்டு நின்றுவிடும்.

"நூறு தடவை கையை நீட்டி நீட்டி எடு, பத்து நிமிஷம் ஆயிடும்" என்றார் ரூலோஃப்.

"நடுவுல நிக்கிற நேரத்தை எந்தக் கணக்குல சேர்க்கறது?" என்று கேட்டார் ஆர்யென், பல்லைக் கடித்துக்கொண்டு.

அது நியாயமான கேள்வி. கூட்டம் போட்டோம். கருத்தொற்றுமை வருவதற்கு ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் புண் ஆறிவிட்டது. நாடு முழுவதற்கும் தண்ணீரைப் பற்றி யோசனை சொல்லும் வாரியத்தில், சுட்ட கைக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் தீர்மானம் கிடைத்தது. புண் ஆறியதைக் குழுவின் வெற்றிப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தேன்.

எங்கள் வருடாந்தர ஒத்திகை இன்னும் விசேஷம். எங்கள் நாட்டில் அடிபடுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மெழுகில் காயம் செய்து ஒட்டிக்கொள்வார்கள், எலும்பு முறிந்தவர்களுக்கு எந்த இடத்தில் தொட்டால் எப்படி அலறல் வரும் என்று சரியாக அலறுவார்கள். முதலுதவியும் கரைத்துக் குடித்திருப்பார்கள். உதவ வருகிறவன் தப்பாகச் செய்தால், செத்துக் கிடந்தபடியே மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டு பிறகு சொல்வார்கள். எங்களுக்கு வழக்கமாக வருகிறவர் ஹேஸ்யே அம்மா. அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷ அனுபவம். பதினொரு தடவை ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார், நாலு தடவை மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார். கணவர் போன பிறகு அவருக்கு இருக்கும் ஒரே பிடிப்பு இந்தச் சாவுகள்தான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இந்த வருஷ ஒத்திகை செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு. அன்றைக்கு எனக்கு ஐம்பது வயது நிறைந்தது.

எங்கள் பக்கத்தில் ஐம்பது நிறைந்தவனை, வேதாகமத்தில் வரும் தாடிக் கிழவரின் பெயரைச் சொல்லி, 'ஆபிரகாமைப் பார்த்துவிட்டான்' என்பார்கள். அவன் பார்க்காமல் நழுவிவிடக் கூடாது என்பதற்காக, ஆளுயரத்துக்கு ஒரு பொம்மை செய்து தாடி முகமூடி மாட்டி அவன் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். என் ஆபிரகாமைச் செய்தவர் சிட்ஸ்கே. சட்டையும் கால்சராயும் என்னுடையவை. என் மனைவியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். உள்ளே திணித்திருந்தது ஐந்து வருஷத்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். எல்லாம் என் கைப்பட எழுதியவை. என்னைவிட ஆபிரகாம்தான் கொஞ்சம் கம்பீரமாக இருந்தார் என்று பலரும் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த ரூலோஃப் பிறந்தநாளையும் ஒத்திகையையும் இணைத்துவிட்டார். பத்தேகாலுக்கு இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வழக்கப்படி எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்லி, பிறகு எனக்குப் பிறந்தநாள் வந்ததற்காக ஒருவருக்கொருவரும் வாழ்த்துச் சொல்லி, ஆபிரகாமின் கையையும் குலுக்கினார்கள். வழக்கப்படியே பிறந்தநாள்காரனான நானே கேக்கும், சதுரம் சதுரமாக நறுக்கிக் கடுகு விழுது தொட்டுக்கொள்ளும் சீஸும் வாங்கி வந்திருந்தேன். ஹேஸ்யே அம்மா பத்து மணிக்கே வந்து, முகத்துக்கு வெள்ளை மாவும் உதட்டுக்கு நீலமும் பூசிக்கொண்டு, அதே மாடியில் எங்கோ போய்ப் படுத்திருந்தார். எங்கே என்று எங்களுக்குச் சொல்லக் கூடாது. தேடிக் கண்டுபிடிப்பதுதான் பரீட்சை.

பத்தரைக்கு அபாய மணி அடித்தது. அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றறிக்கை எழுதியவனே நான்தான். இருந்தும் தூக்கிவாரிப் போட்டது. வாயிலிருந்த சீஸ் துண்டு, வயிற்றுக்குப் போக வேண்டியது, வழி தப்பி மூச்சுக்குழலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இருமப் பார்த்தேன். இருமல் வரவில்லை. கத்தப் பார்த்தேன். ஊசி முனையளவு காற்று 'கீச்' என்றது. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"யாரும் பதறக் கூடாது" என்றார் ரூலோஃப். "முதல்ல சட்டை. பௌக்கே, அலமாரியைத் திற."

மஞ்சள் சட்டை போடாமல் உதவுவது எங்கள் விதிப்படி வெறும் தலையீடு. பௌக்கே சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். நான் மேஜையைத் தட்டினேன்.

"தட்டாதே வீப்ரன், எண்ணிக்கை தப்புது" என்றார் அவர்.

அலமாரி திறந்தது. சட்டைகள் வெளியே வந்தன.

"இது யாரோடது? எனக்குத் தோள் பிடிக்குது" என்றார் சிட்ஸ்கே.

"உன்னோடதை ஆர்யென் போட்டிருக்கான்" என்றார் பௌக்கே.

"இருக்கட்டுமே, எனக்குச் சரியா இருக்கு" என்றார் ஆர்யென்.

சட்டை மாறியது. நான் சிட்ஸ்கேயின் கையைப் பிடித்து இழுத்து என் தொண்டையைக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீப்ரன், மூஞ்சிக்கு நேரா சொல்றேன், தப்பா நினைச்சுக்காதே. உன் பொறந்தநாள்தான், இல்லேங்கல. அதுக்காக எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டிருக்கணும்னு அர்த்தமில்ல. சாதாரணமா இருப்பா. மனுஷன் சாதாரணமா இருந்தாலே போதும், அதுவே பாதிப் பைத்தியக்காரத்தனம்தான்."

எங்கள் நாட்டின் மொத்த ஞானமும் இந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது. நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன். சாதாரணமாக இருக்க மனப்பூர்வமாக முயன்றேன். முடியவில்லை.

ஹேஸ்யே அம்மாவின் சங்கம் அனுப்பியிருந்த ஒத்திகைத் தாளை ஆர்யென் பிரித்து வாசித்தார். "இரண்டாம் தளம். ஒரு நபர். வயது சுமார் ஐம்பது. பேச்சில்லை, மூச்சில்லை, அசைவில்லை."

எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். என் நாற்காலியில் ஆபிரகாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருந்தார்.

"அட, இந்த வருஷம் பொம்மையாவே வெச்சுட்டாங்களா" என்றார் ரூலோஃப், வியந்து.

"இதை நான்தானே செஞ்சேன்" என்றார் சிட்ஸ்கே.

"செஞ்சது நீயா இருக்கலாம். அதை ஒத்திகைக்குப் பயன்படுத்திக்கிட்டாங்களோ என்னமோ. தாள்ல இருக்கிறது எல்லாம் பொருந்துதில்ல?"

பௌக்கேவுக்கு மட்டும் சின்னச் சந்தேகம் வந்தது. நல்ல மனிதர். "இல்ல, வீப்ரனுக்கும் இன்னிக்கு ஐம்பதுதான். மூஞ்சி வேற ஒரு மாதிரி ஊதாவா இருக்கு."

நான் கண்ணில் நீர் தளும்பத் தலையாட்டினேன்.

ஆர்யென் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பேச்சில்லை, சரி. மூச்சில்லை, சரின்னே வெச்சுக்குவோம். அசைவில்லைன்னு போட்டிருக்கே? இவன் ஆடற ஆட்டத்துல நாற்காலியே நகருது. மூணுல ரெண்டுதான் இவனுக்குப் பொருந்துது. ஆபிரகாமுக்கு மூணும் பொருந்துது."

"எல்லாரும் அவங்கவங்க கருத்தைச் சொல்லிடுங்க. யாரையும் விட்டுட்டு முடிவெடுத்த பழக்கம் நமக்கில்ல" என்றார் ரூலோஃப்.

இடமிருந்து வலமாகக் கருத்துச் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்தது. சொல்ல வெட்கமில்லை, ஐம்பது வயதில் இப்படிப் பயந்ததில்லை. உயிர் தொண்டைக்குழியில் நிற்பது என்பார்களே, எனக்கு அங்கே இடமும் இல்லை, சீஸ் இருந்தது. மாலை ஆறு மணிக்கு மகள் ஃபெம்கே பட்டாணி சூப் குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளைப் பார்க்காமலே போய்விடுவேன் என்று தோன்றியது. குறிப்பேட்டை இழுத்து, 'எனக்கு மூச்சு வரவில்லை' என்று எழுதி ரூலோஃபின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். தோளில் அன்போடு தட்டினார். "முக்கியமான விஷயம்தான். 'இதர விஷயங்கள்'ல கடைசியா எடுத்துக்கலாம்."

கருத்தொற்றுமை ஏற்பட்டது. ஆபிரகாமைத் தரையில் கிடத்தினார்கள். அதன் பிறகு அங்கே நடந்தது, முதலுதவி வரலாற்றில் இடம்பெறத் தக்கது. ஆர்யென் மார்பு நடுவே உள்ளங்கையை வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு முப்பது முறை அமுக்கினார். சிட்ஸ்கே தாடியை விலக்கி இரண்டு முறை மூச்சு ஊதினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் என் ஐந்து வருஷத்துக் கையெழுத்து உள்ளே 'சரக் சரக்' என்று நொறுங்கியது.

"விலா எலும்பு ஒண்ணு ரெண்டு உடைஞ்சிருக்கும்" என்றார் ஆர்யென், வியர்வையைத் துடைத்தபடி. "உடைஞ்சா பரவாயில்ல, நிறுத்தக் கூடாது."

"எவ்வளவு பொறுமையான ஆளு பாரு" என்றார் ரூலோஃப். "ஒரு முனகல் இல்ல."

எனக்குக் கண் இருட்டியது. ஒரு காலால் நாற்காலியை உதைத்துத் தள்ளினேன். அந்தச் சத்தத்துக்குக் கதவு திறந்தது. வெளுத்த முகமும் நீல உதடுமாக ஒரு பிணம் உள்ளே ஓடி வந்தது.

ஹேஸ்யே அம்மா நகல் இயந்திரத்துக்குப் பின்னால்தான் படுத்திருந்திருக்கிறார். மேஜை தட்டும் ஓசையும் நாற்காலி விழும் ஓசையும் ஒத்திகைத் தாளில் இல்லாதவை என்று அவருக்குத் தெரியும்.

ரூலோஃப் முகம் சிவந்தார். "அம்மா, உங்களை நாங்க இன்னும் கண்டுபிடிக்கல. தயவுசெஞ்சு போய்ப் படுங்க."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நேரே என்னிடம் வந்தார். "தொண்டையில அடைச்சிருக்கா?"

தலையாட்டினேன்.

"சரி. குனி."

ஒரு கையை என் மார்பில் தாங்கி என்னை முன்னால் சாய்த்தார். மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓங்கி அறைந்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. வரவில்லை. பின்னால் வந்து நின்று என்னைக் கட்டிப் பிடித்தார். தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஒரு இழுப்பு இழுத்தார். அறுபத்தொரு வயதுக் கையா அது? இரண்டாவது இழுப்பில் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவதில் சீஸ் துண்டு விடுதலை பெற்று, அறையைக் கடந்து பறந்து, ரூலோஃபின் மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஏனைய குறிப்புகள்' என்ற கட்டத்துக்குள் போய் விழுந்தது.

மூச்சு வந்தது. காற்றுக்கு அவ்வளவு ருசி உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. அழுதுவிட்டேன்.

ரூலோஃப் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து முப்பத்திமூணு. குறிச்சுக்கோ வீப்ரன்."

ஹேஸ்யே அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "வயித்தை அமுக்கியிருக்கேன். உள்ள ஏதாவது ஆகியிருக்கலாம். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடு, புரியுதா?" பிறகு குழுவின் பக்கம் திரும்பினார். மாவு பூசிய முகத்திலும் கோபம் தெரிந்தது. "இருபத்திரண்டு வருஷமா செத்துச் செத்துப் பொழைக்கிறவ நான். என் கண்ணு முன்னாடி மனுஷன் மூச்சுத் திணறி நிக்கையிலே காகிதப் பொம்மைக்கு வாயில ஊதிக்கிட்டிருந்த கூட்டத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். இவன் நிஜமாவே செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அதுக்கு வேற படிவம்" என்றார் ஆர்யென்.

டாக்டர் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள். அதுவரை பாரசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு மதிப்பீட்டுக் கூட்டம். அதே அறை, அதே வட்டம். ஹேஸ்யே அம்மாவும் இருந்தார். அவர் கருத்தைக் கேட்பது வழக்கம். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் மாவு துடைபட்டிருந்தது. ரூலோஃப் அறிக்கையை வாசித்தார். குழு மூன்று நிமிஷத்துக்குள் சட்டை அணிந்து, ஆலோசித்து, கருத்தொற்றுமை கண்டு, சிகிச்சையும் தொடங்கியது சாதனை. மார்பு அமுக்கல் பத்துக்குப் பத்து. பாதிக்கப்பட்டவரின் ஒத்துழைப்பு மிகச் சிறப்பு, ஆபிரகாமுக்கு நன்றி. உயிரிழப்பு இல்லை. கட்டடத்தில் உயிர்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தது குழுவின் விழிப்புணர்வுக்குச் சான்று.

"இனி குறைகள்" என்றார் ரூலோஃப். "ஒண்ணே ஒண்ணுதான். ஹேஸ்யே அம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. கண்டுபிடிக்கப்படறதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்க. இறந்த நிலையில ஓடினீங்க. சட்டை இல்லாம, திட்டத்துல பேரே இல்லாத ஒருத்தருக்குச் சிகிச்சை பண்ணிட்டீங்க. இப்படி நம்பகமில்லாதவங்களை இனிமே எங்கேயும் அனுப்பாதீங்கன்னு உங்க சங்கத்துக்கு எழுதலாம்னு பாக்கறோம்."

"எங்கேயும்னா, வேற ஆபீசுக்கும் கிடையாதா?" என்று கேட்டார் அவர்.

"பொதுப் பாதுகாப்பு பாருங்க" என்றார் ஆர்யென்.

ஹேஸ்யே அம்மா அவர்களோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார். "வீப்ரன், தொண்டை இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பேச முடியுதா?"

"முடியுது."

"நல்லது" என்றார். பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானத்துக்கு ஐந்து கைகள் தேவை. பௌக்கே அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை அழைத்துவர இரண்டரைக்கே போயிருந்தார். கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று பேச்சு வந்தது. "ஆபிரகாம் இருக்காரே" என்றார் ரூலோஃப். "இதுல நேரடியா சம்பந்தப்பட்டவரும் அவர்தானே." அனைவரும் சிரித்தார்கள். பிறந்தநாள் அல்லவா, நானும் சிரித்தேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நடவடிக்கைக் குறிப்பில் உள்ளது உள்ளபடியே எழுதினேன்: ஆபிரகாமின் கையை சிட்ஸ்கே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. செயலாளரின் கையை யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.